வெள்ளைக் கோட்டுப் போட்டவரெல்லாம் டாக்டரா?



கொசுவைப் பற்றி, குடிநீரைப் பற்றி, கைப்பிள்ளைக்குப் போடும் தடுப்பூசியைப் பற்றியெல்லாம் இந்தப் பகுதியில் பேசியிருக்கிறோம். இந்த இதழில் கைப்பேசியைப் பற்றிப் பேசப் போகிறேன். "சுகாதாரப் பகுதியில் கைப்பேசிக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பெரியவருடைய காலைப் பற்றிச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் வேலை செய்வது கோத்தா திங்கி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். குடும்பம் இருப்பது பெர்மாஸ் ஜெயாவில். அங்கே எங்கள் அடுக்குமாடியில் பாதிப்பேர் தோட்டத்திலிருந்து வெளியேறி வந்த குடும்பங்கள்தாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாலும் "ஐயா, இந்தப் புண்ணைக் கொஞ்சம் பாருங்க" என்று யாராவது கதவைத் தட்டுவார்கள்.

அப்படித்தான் ஒரு ஞாயிறு அந்தப் பெரியவர் வந்தார். முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். இனிப்புநீர் உள்ளவர். வலது காலில் பெருவிரலுக்குப் பக்கத்தில் கறுத்துப் போன புண். வாடை வீசியது. விரலைக் குத்திச் சோதித்துப் பார்த்தால் சர்க்கரை 24. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா அண்ணே?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினார். "அதெல்லாம் விட்டு ரெண்டு மாசமாச்சு ஐயா. டாக்டரே சொல்றாரு, நீங்களே பாருங்க."

பார்த்தேன். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்னால் ஆஸ்பத்திரி மாதிரி ஓர் அறை. நல்ல தமிழில் ஒருவர் பேசுகிறார்: "மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், உடனே நிறுத்துங்கள், இந்தப் பொடியைச் சாப்பிடுங்கள், முப்பதே நாளில் இனிப்புநீர் ஓடிவிடும்." ஒரு டப்பா 180 ரிங்கிட். பெரியவர் மூன்று டப்பா வாங்கியிருக்கிறார்.

நான் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவர் "ப", "ம" என்று சொல்லும்போது உதடுகள் ஒட்டவில்லை. ஒட்டாமல் அந்த எழுத்துகளைச் சொல்ல முடியுமா? நீங்களே சொல்லிப் பாருங்கள். அந்த மனிதர் அதைப் பேசவே இல்லை. யாரோ ஒருவருடைய முகத்தை எடுத்து, எந்திரத்தைக் கொண்டு வாயை அசைத்து, குரலையும் செய்து ஒட்டியிருக்கிறார்கள். பெரியவரை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உயிருக்கு மோசமில்லை. ஆனால் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள் தோழர்களே, இது சுகாதாரப் பகுதியில் எழுத வேண்டிய விஷயமா, இல்லையா?

படம் மூன்று விதமாகப் பொய் சொல்லும்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கைப்பேசி வந்த பிறகு இந்தப் பழமொழிக்கு வேலை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. பொய்ப்படம் என்றால் ஏதோ கம்ப்யூட்டரில் வரைந்த படம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வகைதான். மூன்று வகை உண்டு.

முதல் வகை, உண்மையான படம், பொய்யான விலாசம். படத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. எங்கோ, என்றோ எடுத்த படத்தை "நேற்று நம் ஊரில் நடந்தது" என்று அனுப்புவார்கள். மிகச் சுலபமான மோசடி இதுதான். செலவே இல்லை, திறமையும் வேண்டாம்.

இரண்டாம் வகை, வெட்டிய படம். பாகிஸ்தானில் கராச்சி நகரில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு 2016-ஆம் ஆண்டில் ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உடனே திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, "பிள்ளையைக் கடத்த ஒரு நொடி போதும், கவனமாக இருங்கள்" என்ற பொருளில் ஓர் அட்டையைக் காட்டுவார்கள். நல்ல எண்ணத்தில் எடுத்த படம். 2018-இல் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்" என்று இந்தியா முழுக்கப் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், அனுப்பினார்கள்.

அந்த வருஷம் இது போன்ற செய்திகள் தமிழ்நாட்டிலும் காட்டுத்தீயாகப் பரவின. 2018 மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் கிராமத்தின் வழியாகச் சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போனது. வழி கேட்க நிறுத்தினார்கள். அந்தக் குடும்பத்தில் 65 வயதுப் பாட்டி ஒருவர், அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான். "பிள்ளை பிடிக்கிறவங்க!" என்று கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்து போனார். அடித்தவர்கள் கொலைகாரக் கும்பல் அல்ல. உங்களையும் என்னையும் போலப் பிள்ளை பெற்றவர்கள். கைப்பேசியில் வந்ததை நம்பியவர்கள்.

மூன்றாம் வகை, எந்திரம் செய்த படம். செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, அதைக் கொண்டு இல்லாத முகத்தை உண்டாக்கலாம், இருக்கிற முகத்தைப் பேச வைக்கலாம். இந்த வித்தை உலகம் முழுக்க நடக்கிறது. 2024 ஜூலையில் பிரிட்டனின் மருத்துவ இதழான பி.எம்.ஜே. இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் எல்லோருக்கும் தெரிந்த மருத்துவர்களான ஹிலரி ஜோன்ஸ், மைக்கேல் மோஸ்லி, ரங்கன் சாட்டர்ஜி ஆகியோரின் முகத்தையும் குரலையும் திருடி, இரத்தக் கொதிப்புக்கும் இனிப்புநீருக்கும் மருந்து விற்றார்களாம். இதில் மோஸ்லி அதற்கு முந்திய மாதம்தான் இறந்து போயிருந்தார். செத்தவரைக் கூட விட்டுவைக்கவில்லை!

முகத்தைப் பார்க்காதீர்கள், கேட்பதைப் பாருங்கள்

"ஐயா, பொய்ப்படத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். சில அடையாளங்கள் உண்டு. விரல்களை எண்ணிப் பாருங்கள். காது, பல், மூக்குக்கண்ணாடி ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். பின்னாலுள்ள பலகையில் எழுத்து எழுத்தாக இருக்கிறதா, கிறுக்கலாக இருக்கிறதா? உதடும் சொல்லும் ஒத்துப் போகின்றனவா?

ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். இன்றைக்கு ஆறு விரல் போட்ட எந்திரம் நாளைக்கு ஐந்து விரலைச் சரியாகப் போடக் கற்றுக்கொள்ளும். எந்திரம் வளர்கிறது, நம் கண் வளர்வதில்லை. கண்ணை விட நல்ல கருவி ஒன்று இருக்கிறது. அதுதான் கேள்வி.

நோயாளி ஒருவர் வந்தால் நான் எடுத்த எடுப்பில் புண்ணைப் பார்ப்பதில்லை. எப்போது வந்தது, எப்படி வந்தது, யார் என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்ட பிறகுதான் பார்ப்பேன். அது மாதிரி எந்தப் படம் வந்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. இது எங்கே எடுத்தது? வாகனத்தின் எண் பலகை, கடைப் பெயர்ப் பலகை, போலீஸ்காரர் உடுப்பு, சாலையில் வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் ஓடும். வலப்பக்கம் ஓடினால் அது நம் ஊர் அல்ல. சில வேளை படத்தையே இடவலம் திருப்பிப் போட்டிருப்பார்கள். அப்போது எழுத்துகளும் இடவலம் மாறித் தெரியும்.

2. எப்போது எடுத்தது? "நேற்று", "இப்போதுதான்" என்று மட்டும் இருந்து தேதி இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். நாளைக்குப் படித்தாலும் அது "நேற்று" என்றுதானே இருக்கும்?

3. முதலில் அனுப்பியது யார்? "என் மச்சான் அனுப்பினான்" என்பது பதில் ஆகாது. மச்சானுக்கு யார் அனுப்பினார்கள்? புலனத்தில் செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கைக்கு மேல் மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020 ஏப்ரலில் அந்தக் கம்பெனியே கட்டுப்பாடு போட்டது. காரணமில்லாமல் போடுவார்களா?

4. வேறு யார் சொல்கிறார்கள்? உண்மையாகவே பெரிய சம்பவம் என்றால் வானொலியிலும் பத்திரிகையிலும் வந்தே தீரும். கைப்பேசியில் கூகள் லென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் படத்தைக் கொடுத்துத் தேடினால், அதே படம் முன்பு எங்கெங்கே வந்தது என்று பெரும்பாலும் காட்டிவிடும். காணொளியாக இருந்தால் ஒரு காட்சியைப் படம் பிடித்துக்கொண்டு அதைத் தேடலாம். தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள், இரண்டு நிமிஷத்தில் செய்து காட்டுவார்கள்.

5. இந்தப் படம் என்னை என்ன செய்யச் சொல்கிறது? இதுதான் முக்கியமான கேள்வி. பணம் அனுப்பு, மருந்தை நிறுத்து, பத்துப் பேருக்கு அனுப்பு, இன்ன சாதிக்காரனை, இன்ன நாட்டுக்காரனை அடி என்று சொல்கிறதா? உடனே, இப்போதே என்று அவசரப்படுத்துகிறதா? அப்படியென்றால் படம் உண்மையோ பொய்யோ, கையை அங்கேயே நிறுத்துங்கள்.

பெரியவருடைய டாக்டர் படத்துக்கே வருவோம். அந்த உதட்டை நான் கவனித்தது தற்செயல். அடுத்த படத்தில் உதடு சரியாக ஒட்டும். ஆனால் "மாத்திரையை நிறுத்து, பொடியை வாங்கு" என்ற பேச்சு மட்டும் மாறாது. நோயாளியைச் சோதிக்காமல், இரத்தம் பார்க்காமல், இலட்சம் பேருக்கு ஒரே வார்த்தையில் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் நிஜமான டாக்டராகவே இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்கக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி குற்றம். ஆகவே அப்படி ஒரு விளம்பரம் வந்தால், முகம் நிஜமா பொய்யா என்று ஆராயவே வேண்டாம். விளம்பரமே திருட்டு விளம்பரம். சுகாதார அமைச்சில் பதிந்த மருந்தின் டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதையும் போலியாக அச்சடிப்பவர்கள் உண்டு என்பதால், சந்தேகம் இருந்தால் டப்பாவை மருந்துக் கடைக்காரரிடமோ அரசாங்கக் கிளினிக்கிலோ காட்டிக் கேளுங்கள்.

சில பொடிகளில் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை இரகசியமாகக் கலந்து விற்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அதைச் சாப்பிட்டால் மூட்டுவலி சட்டென்று குறையும், பசி எடுக்கும், "ஆகா, மருந்து வேலை செய்கிறது" என்று தோன்றும். உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். சர்க்கரை ஏறினால் காலில் நரம்பு செத்து வலி தெரியாது, இரத்த ஓட்டமும் குறைந்துவிடும். அதனால்தான் அந்தப் பெரியவர் புண் கறுக்கும் வரை சும்மா இருந்தார். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இனிப்புநீர் இருக்கிறது. பொடி விற்கிறவனுக்கு இதை விடப் பெரிய சந்தை எங்கே கிடைக்கும்?

எல்லாம் பொய் என்று ஒதுக்குவதும் ஆபத்து

இதையெல்லாம் படித்துவிட்டு, "இனிமே போன்ல வர்ற எதையும் நம்ப மாட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அதுவும் ஒரு நோய்தான்.

எங்கள் பெர்மாஸ், பாசிர் கூடாங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கும் ஊர். 2019 மார்ச் 7-ஆம் தேதி பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டார்கள். பாசிர் பூத்தே வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம். 13-ஆம் தேதி அந்த வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூட உத்தரவு போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள்.

அந்த வாரம் கைப்பேசியில் படம் படமாக வந்தது. பிள்ளைகள் ஆக்ஸிஜன் முகமூடியோடு படுத்திருந்த படங்களைப் பார்த்து, "சும்மா பயங்காட்டுறானுங்க" என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் படங்கள் உண்மை. வானத்தை மறைக்கும் கரும்புகையும் தீயுமாக இன்னொரு படம் வந்தது. "பாசிர் கூடாங், இப்போது" என்று எழுதியிருந்தது. அது பொய். அதை நம்பி எங்கள் தோட்டத்துப் புலனக் குழுவுக்கு அனுப்பியவன் யார் தெரியுமா? நான்தான்.

மருத்துவ உதவியாளர் அனுப்பியதாயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்? மறுநாள் காலை பெரட்டு முடிவதற்குள் கிளினிக் வாசலில் கூட்டம். தலைவலி, நெஞ்சு அடைப்பு என்று எல்லோரும் பயத்தில் வந்திருந்தார்கள். அந்த வரிசைக்கு நடுவில் நிஜமாகவே ஆஸ்துமா கிளம்பிய ஒரு பிள்ளை அம்மா மடியில் இழுத்துக்கொண்டு கிடந்தது. நான் கவனிக்க இருபது நிமிஷம் ஆனது. நல்லவேளை, பிள்ளை பிழைத்துக்கொண்டது. பிறகு ஓர் இளைஞர் தேடிப் பார்த்துச் சொன்னார், அந்தப் புகைப்படம் வேறொரு நாட்டில் பல வருஷத்துக்கு முன் எரிந்த கிடங்கினுடையது என்று. அதே குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். முதல் படத்தைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் அந்த மன்னிப்பைப் பார்க்கவில்லை. பொய் முயல் மாதிரி ஓடும், திருத்தம் ஆமை மாதிரிதான் வரும்.

அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். தெரியாத படத்தை அனுப்ப மாட்டேன். சும்மா இருப்பதால் யாருக்கும் காய்ச்சல் வராது. அனுப்பினால்தான் வரும்.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகள்

தாய்மார்களே, இந்தப் பகுதியை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் நம் ஜொகூர் மாநிலத்திலேயே, கூலாயில், 16 வயது மாணவன் ஒருவனைப் போலீசார் கைது செய்தார்கள். சமூக ஊடகத்தில் இருந்த மாணவிகளின் முகப்படங்களை எடுத்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆபாசப் படங்களாக மாற்றி, ஒரு படம் 2 ரிங்கிட் என்று விற்றதாகப் புகார். அந்தப் பெண்கள் செய்த குற்றம் என்ன? பள்ளிக்கூட உடுப்பில் சிரித்துக்கொண்டு எடுத்த படத்தைப் போட்டதுதான்.

இப்படி ஒன்று நம் வீட்டில் நடந்தால் என்ன செய்வோம்? "நீ ஏன் போட்டோ போட்டே?" என்று பிள்ளையை அடிப்போம். அதுதான் பெரிய தப்பு. அந்த உடம்பு அவள் உடம்பு அல்ல. அவமானம் படத்தைச் செய்தவனுக்கும் அதை வாங்கிப் பார்த்தவனுக்கும்தான், நம் பிள்ளைக்கு அல்ல. இதை முதல் நாளே அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சாப்பிடாமல், தூங்காமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளை ஒடுங்கிப் போனால் தனியே விடாதீர்கள். அந்தப் படத்தை "பாருங்கள் அநியாயத்தை" என்று கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். யார் அனுப்பினார், எந்த எண், எந்த நாள், எத்தனை மணி என்று குறித்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கு சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணும் இருக்கிறது.

யாரைக் கேட்பது?

சந்தேகமான செய்தியைச் சரிபார்க்க, தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் "செபெனார்ஞா" என்ற இணையப் பக்கத்தைத் தொடங்கியது. 2025 ஜனவரியில் "ஐஃபா" என்ற சேவையையும் தொடங்கியது. அதில் புலனத்தின் வழி தமிழிலேயே கேட்கலாம். பொய்ப்படத்தை நம்பிப் பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 997-க்கு அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க வழியுண்டு, ஆனால் நேரம் போகப் போக வழி அடைபடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் தோட்டத்துக் கிளினிக் இருக்கிறது. மருந்தைப் பற்றி எந்தப் படம் வந்தாலும் கொண்டு வந்து காட்டுங்கள். "இதைப் போய் எப்படிக் கேட்பது" என்று கூச்சப்படாதீர்கள். நானே ஏமாந்தவன், உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன்.

அந்தப் பெரியவர் இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் சர்க்கரை 8-க்கு இறங்கியிருந்தது. கைத்தடி ஊன்றிக்கொண்டு சாயங்காலம் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நடக்கிறார். கைப்பேசியில் புதிதாக எந்த டாக்டர் வந்தாலும் என்னிடம் கொண்டு வந்து நீட்டி, "ஐயா, இவரு டாக்டரா, பொடி வியாபாரியா?" என்று கேட்கிறார். இரண்டு விரலைக் கொடுத்து அவர் கற்றுக்கொண்ட கேள்வி அது. நீங்கள் ஒன்றும் கொடுக்காமலே கற்றுக்கொள்ளுங்கள்.